மாம்பழ லாரி வாசலில் நிற்காமலிருக்க ஒரு பொது நாட்காட்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவேரிப்பட்டணம் அருகே உள்ள ஒரு மாங்கூழ் ஆலையில் நான் அலுவலகப் பொறுப்பைப் பார்த்து வருகிறேன். சிறு தொழில் நிறுவனங்களும் உழவர் குழுக்களும் தங்கள் மின்னஞ்சலையும், பலர் சேர்ந்து பார்க்கும் நாட்காட்டியையும் எந்த மென்பொருளில் வைத்துக்கொள்வது என்பது குறித்து எழுத விரும்புகிறேன். இது கணினித் துறையினர் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய பொருள் என்று சிலருக்குத் தோன்றலாம். மாம்பழம் ஏற்றிய ஒரு லாரி ஆலை வாசலில் எத்தனை மணி நேரம் வெயிலில் நிற்கிறது என்பதுகூட இந்தத் தேர்வைப் பொறுத்தது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை, காலை ஏழு மணிக்கெல்லாம் எங்கள் வாசலில் ஐந்து லாரிகள் வரிசை கட்டி நின்றன. பழுக்க வைக்கும் கூடத்திலோ மூன்று லாரிப் பழத்துக்கு மேல் இடமில்லை. கொள்முதல் அலுவலர் தம் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சிறிய டைரியில் எழுதி, மூன்று விவசாயிகளுக்கு அந்த நாளைக் கொடுத்திருந்தார். கூடத்தின் மேற்பார்வையாளர், சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் தாளில் பென்சிலால் குறித்து, அதே நாளை வேறு இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தார். இருவர் மீதும் குற்றம் சொல்ல முடியாது. ஒருவர் குறித்ததை மற்றவர் பார்ப்பதற்கு வழி இல்லை. சந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு விவசாயி, "நீங்கதானே சார் புதன்கிழமை கொண்டாங்கன்னு சொன்னீங்க" என்று கேட்டபோது நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். அவருடைய பெங்களூராப் பழம் மறுநாள் பிற்பகலில்தான் இறங்கியது. சுமையின் அடியில் இருந்த பழங்கள் நசுங்கிச் சாறு கசிந்து, எடையில் கழிக்கப்பட்டன. கழிவில் பாதியை ஆலை ஏற்றுக்கொண்டது. மீதிப் பாதி அவருடைய நட்டமாகவே போயிற்று.

அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. வெளிநாட்டுக் கொள்முதலாளர்களோடு நாங்கள் நடத்திய கடிதப் போக்குவரத்து முழுவதும், முன்பு இங்கே பணியாற்றிய ஒருவரின் தனிப்பட்ட இலவச மின்னஞ்சல் கணக்கில் இருந்தது. அவர் வேறு வேலை கிடைத்து ஓசூருக்குச் சென்றார். நல்ல மனிதர், கேட்டதும் கடவுச்சொல்லைக் கொடுத்தார். ஆனால், புதிய கணினியிலிருந்து உள்ளே நுழைய முயன்றபோது, கணக்கோடு இணைத்திருந்த பழைய கைப்பேசி எண்ணுக்கு உறுதிச் செய்தி போயிற்று. அந்த எண்ணை அவர் கைவிட்டு நெடுநாளாகி, அது வேறு யாருக்கோ போய்விட்டிருந்தது. மூன்று ஆண்டு ஒப்பந்தக் கடிதங்களும் ஆய்வுக்கூடச் சான்றிதழ்களும் கப்பல் ஆவணங்களின் நகல்களும் ஒரே நாளில் எட்டாத இடத்துக்குப் போயின. ஒவ்வொரு கொள்முதலாளரிடமும் கேட்டுக் கேட்டு அவற்றில் ஒரு பகுதியைத்தான் மீட்க முடிந்தது.

இந்த இரண்டு இழப்புகளும் சேர்ந்துதான் எங்களைத் தேட வைத்தன. மின்னஞ்சல், பொது நாட்காட்டி, முகவரிப் புத்தகம், பணிக் குறிப்புகள் ஆகியவற்றை ஒரு நிறுவனத்தார் அனைவரும் சேர்ந்து பயன்படுத்துவதற்கான மென்பொருளைக் குரூப்வேர் என்கிறார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு இந்தச் சேவையைத் தரும் பெரிய நிறுவனங்கள் உண்டு. அவை பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகின்றன. ஆண்டு முழுவதும் ஒரே எண்ணிக்கையில் ஆட்கள் இருக்கும் அலுவலகத்துக்கு அது பொருந்தலாம். எங்களைப் போல ஆண்டின் பெரும்பகுதி பதினொரு பேரும், மாம்பழப் பருவத்தில் நாற்பது பேரும் வேலை செய்யும் இடத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. தற்காலிகமாக வரும் தரக்கட்டுப்பாட்டுப் பெண்களுக்கும் எடைமேடை ஊழியர்களுக்கும் கணக்கு வேண்டாம் என்று விட்டால், நாட்காட்டியை யார் பார்க்க வேண்டுமோ அவர்களே அதற்கு வெளியே நிற்க நேரிடும்.

ஆகவே கட்டற்ற மென்பொருள்களின் பக்கம் திரும்பினோம். ஆங்கிலத்தில் ஒரே சொல் இலவசத்தையும் சுதந்திரத்தையும் குறிப்பதால் அங்கே விளக்கம் தேவைப்படுகிறது. தமிழில் 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு என்று சொல்லும்போதே தெளிந்துவிடுகிறது. எங்கள் கடிதங்களை இழந்த அந்தக் கணக்கு இலவசமானதுதான்; ஆனால், அதன் கட்டு எங்கள் கையில் இல்லை. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்துத் தொடங்கிய இயக்கம் வலியுறுத்துவது விலையை அன்று. எந்த நோக்கத்துக்கும் இயக்கவும், உள்ளே என்ன நடக்கிறது என்று படித்துப் பார்த்து மாற்றவும், பிறருக்குப் பகிரவும் உள்ள உரிமையைத்தான். எங்களில் ஒருவருக்கும் நிரல் எழுதத் தெரியாது. இருந்தாலும், எழுதத் தெரிந்தவர் யாரை வேண்டுமானாலும் அழைத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்பது எங்களுக்குப் பெரிய காப்பு.

தேடத் தொடங்கியதும் பெயர்கள் குவிந்தன. ஜிம்ப்ரா, கோலாப், ஹோர்டே, ஈகுரூப்வேர், சிட்டாடல், சோகோ, நெக்ஸ்ட்கிளவுட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறும், அதைப் போற்றுகிறவர்களும் உண்டு. வசதிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்க முயன்றபோது நாங்கள் குழம்பியதுதான் மிச்சம், ஏனெனில் பட்டியலில் எல்லாமே எல்லாவற்றிலும் இருப்பதாகத் தோன்றும். ஜிம்ப்ராவின் கதையைப் படித்தபோதுதான் எதைக் கேட்க வேண்டும் என்பது எங்களுக்குப் புரிந்தது. பல பல்கலைக்கழகங்களும் அலுவலகங்களும் நம்பிப் பயன்படுத்திய நல்ல மென்பொருள் அது. 2007-இல் யாகூ அதை வாங்கியது. 2010-இல் விஎம்வேர், 2013-இல் டெலிஜென்ட், 2015-இல் சினகோர் என்று கை மாறிக்கொண்டே போயிற்று. 2020-இல் வெளிவந்த 9-ஆம் பதிப்பிலிருந்து, நிறுவி இயக்கத் தயாரான கட்டணமில்லாத தொகுப்பை அந்த நிறுவனம் வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. அதற்கு முந்தைய 8.8.15 பதிப்புக்கான ஆதரவும் 2023 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. மென்பொருள் எழுதப்பட்டிருக்கும் மூல நிரல் கிடைக்கிறது. அதைத் தாமே தொகுத்து இயக்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால், அந்த வேலை மாங்கூழ் ஆலையின் அலுவலகத்தால் ஆகக்கூடியது அன்று. தன் முதலீட்டுக்கு எது உகந்தது என்று முடிவுசெய்ய ஒரு நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டு; அதில் குறை காண்பது என் நோக்கம் அன்று. இன்று இலவசமாகத் தரப்படும் பதிப்பு நாளை நிறுத்தப்பட்டால் நாம் வெளியே வருவதற்கு வாசல் எங்கே இருக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றே சொல்கிறேன்.

அந்த வாசலுக்குப் பெயர் பொதுத் தரநிலை, அதாவது எந்த நிறுவனத்தின் மென்பொருளும் பின்பற்றக்கூடிய பொது விதிமுறை. அஞ்சலுக்கு, எந்தச் செயலியிலிருந்தும் அஞ்சல் பெட்டியைத் திறந்து படிக்க உதவும் ஐமேப் இருக்கிறது. நாட்காட்டிக்கு, 1998-இல் வெளியாகி 2009-இல் திருத்தப்பட்ட ஐகேலண்டர் என்ற கோப்பு வடிவமும், 2007-இல் வெளியான கால்டேவ் என்ற பரிமாற்ற முறையும் இருக்கின்றன. முகவரிகளுக்கு 2011-இல் வந்த கார்ட்டேவ் இருக்கிறது. இவற்றை முழுமையாகப் பேசும் மென்பொருள் எதுவானாலும், அதிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது நம் சரக்கை மூட்டை கட்டி எடுத்துச் செல்லலாம். கைப்பேசியில் நாட்காட்டி தெரிவது கட்டணமில்லாத பதிப்பிலேயே உண்டா, அல்லது கட்டணப் பதிப்பில் மட்டுமா என்பது அடுத்து நாங்கள் விசாரித்தது. எங்கள் ஆலையில் கணினி முன் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் நான்கு பேர்தான். மற்ற எல்லோருக்கும் கைப்பேசிதான் அலுவலகம். சில மென்பொருள்களில் இந்த ஒரு வசதியைக் கட்டணப் பதிப்புக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். விளம்பரப் பக்கத்தில் அது சிறிய எழுத்தில்தான் இருக்கும்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒன்று உண்டு. மின்னஞ்சலும் நாட்காட்டியும் ஒரே மென்பொருளில் சேர்ந்து கிடைப்பதால், இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். எங்கள் அனுபவத்தில் அது தவறான தொடக்கம். நாட்காட்டி நம் ஆட்களுக்கிடையே மட்டும் புழங்குவது. அதில் கோளாறு வந்தால் நமக்கு மட்டும்தான் தெரியும், நாமே திருத்திக்கொள்ளலாம். அஞ்சலோ உலகம் முழுவதும் உள்ள பிற சர்வர்களின் (எந்நேரமும் இணையத்தில் இருந்து அஞ்சலை வாங்கி அனுப்பும் கணினிகளின்) நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டிய காரியம். ஆகவே முதலில் நாட்காட்டியை மட்டும் எங்கள் கையில் எடுத்துக்கொண்டு, அது நிலைபெறும் வரை அஞ்சலைக் கட்டணச் சேவை ஒன்றில் வைத்திருந்தோம்.

2024-ஆம் ஆண்டுப் பருவத்துக்கு முன்பாக, வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய சர்வரில் நெக்ஸ்ட்கிளவுட்டை நிறுவினோம். ஓன்கிளவுட் என்ற திட்டத்திலிருந்து 2016-இல் பிரிந்து வளர்ந்தது அது; கோப்புகளைப் பகிர்வதற்குப் பெயர் பெற்றது என்றாலும், அதன் நாட்காட்டி எங்கள் தேவைக்குத் தாராளமாகப் போதுமானதாக இருந்தது. பழம் இறக்கும் நாள்களுக்கென்று ஒரு நாட்காட்டி, பாய்லர் பராமரிப்புக்கும் ஆய்வாளர் வருகைக்கும் ஒன்று, ஏற்றுமதிக் கன்டெய்னர் புறப்படும் நாள்களுக்கு ஒன்று என மூன்றை உண்டாக்கினோம். அல்போன்சாவுக்கு மஞ்சள், பெங்களூராவுக்குப் பச்சை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், கால்டேவ் வழியே நாட்காட்டியைக் கொண்டுவரும் டேவ்எக்ஸ்5 என்ற கட்டற்ற செயலியை, அத்தகைய செயலிகளுக்கான எஃப்-டிராய்டு தொகுப்பகத்திலிருந்து கட்டணமின்றி நிறுவினோம்; ஐபோன் வைத்திருந்த ஒருவருக்குத் தனிச் செயலியே தேவைப்படவில்லை, கால்டேவ் அதில் இயல்பாகவே இருக்கிறது. அலுவலகக் கணினிகளில் தண்டர்பேர்டு என்ற கட்டற்ற அஞ்சல் மென்பொருள். 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பு முதல் அதில் நாட்காட்டி உள்ளேயே இணைந்திருப்பதால் தனியாக எதையும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

மேற்பார்வையாளருக்கு ஐம்பத்தாறு வயது. முதல் வாரம் அவர் கைப்பேசியிலும் குறித்தார், சுவர்க் காலண்டரிலும் குறித்தார், நாங்கள் தடுக்கவில்லை. இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், கொள்முதல் அலுவலர் பர்கூரில் ஒரு தோப்பில் நின்றபடி நான்காவது லாரிக்கு நாள் குறித்தபோது, இங்கே கூடத்தில் நின்றிருந்த இவருடைய கைப்பேசியில் அது சில நிமிடங்களில் வந்து சேர்ந்தது. உடனே அழைத்து, "அந்த நாள்ல இடமில்லீங்க, வெள்ளிக்கிழமைக்கு மாத்திக்குங்க" என்றார். அன்று மாலை சுவரிலிருந்து பென்சிலை அவரே எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். அந்தப் பருவத்தில் நாள் குழப்பத்தால் ஒரு லாரியும் எங்கள் வாசலில் இரவு தங்கவில்லை.

தமிழில் குறிப்பெழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றை, மற்ற இடங்களில் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை என்பதால், இங்கே பதிவு செய்கிறேன். ஐகேலண்டர் கோப்பின் ஒரு வரி 75 பைட்டுக்கு (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் அளவின் அலகு) மேல் போகக்கூடாது. போனால் அதை மடித்து அடுத்த வரியில் தொடர வேண்டும் என்பது அந்தத் தரநிலையின் விதி. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் எடுக்கும். உயிர்மெய் பலவும் இரண்டு குறியீடு சேர்ந்தவை. 'காவேரிப்பட்டணம் வடக்குத் தோப்பு பெங்களூரா இரண்டு லாரி' என்று எழுதினாலே வரி மடிக்கப்பட்டுவிடும். கவனமாக எழுதப்பட்ட மென்பொருள் எழுத்து உடையாத இடத்தில் மடிக்கும். கவனமில்லாதது ஓர் எழுத்தின் நடு பைட்டில் வெட்டி, மறுபக்கம் கேள்விக்குறிகளையும் கட்டங்களையும் காட்டும். நாங்கள் சோதித்துப் பார்த்த, கோப்புகளை வடிவம் மாற்றும் ஒரு பழைய கருவியில் ஊர்ப்பெயர்கள் இப்படிச் சிதைந்து வந்தன. ஆகவே எதைத் தேர்ந்தெடுத்தாலும், நீளமான தமிழ்க் குறிப்புகள் இருபதை எழுதி, வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் ஏற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். பத்து நிமிட வேலைதான்.

ஒரு பருவம் நாட்காட்டி ஒழுங்காக ஓடிய பிறகே அஞ்சலுக்கு வந்தோம். தனி அஞ்சல் சர்வர் வேண்டுமென்று நினைப்பவர்கள், அதை அலுவலகத்தின் மூலையில் ஒரு கணினியில் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தைக் கைவிடுவது நல்லது. மின்தடை ஒருபுறம் இருக்கட்டும். சாதாரண பிராட்பேண்ட் இணைப்பில், இணையத்தில் நம்மை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரி மாறிக்கொண்டே இருக்கும். அஞ்சல் அனுப்பும் 25-ஆம் வாயிலைப் பல இணைய நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கின்றன. நிலையான முகவரியோடு வாடகை சர்வர் எடுத்தாலும், அந்த முகவரியை நமக்கு முன்னால் வைத்திருந்தவர் குப்பை அஞ்சல் அனுப்பியிருந்தால் அந்தப் பழி நம்மையும் தொடரும். அதனால் முகவரி ஒதுக்கப்பட்ட உடனே அது தடைப்பட்டியல்களில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வேறு கேட்டு வாங்க வேண்டும். அந்த எண்ணிலிருந்து நம் பெயரைத் திரும்பக் கண்டறியும் தலைகீழ்ப் பதிவையும் வாடகைக்கு விட்டவரிடம் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். இன்ன சர்வர்தான் எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்பும் என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப்., ஒவ்வோர் அஞ்சலிலும் முத்திரை இடும் டி.கே.ஐ.எம்., இவை பொருந்தாத அஞ்சலை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் டிமார்க் ஆகிய மூன்றையும் நம் டொமைனில் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரில்) பதிய வேண்டும். பெருமளவில் (கூகுளின் கணக்கில் நாளொன்றுக்கு 5,000 அல்லது அதற்கு மேல்) அனுப்புகிறவர்களுக்கு இந்த மூன்றையும் 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் கட்டாயமாக்கின. எங்களைப் போன்ற சிறியவர்களுக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை என்றாலும், மூன்றும் இல்லாமல் அனுப்பினால் கடிதம் ஸ்பேம் பெட்டிக்குப் போகும் வாய்ப்பு அதிகம்.

இவ்வளவையும் தனித்தனியாக நிறுவி ஒட்டவைக்க எங்களால் ஆகியிருக்காது. மெயில்கவ் என்ற தொகுப்பு, அஞ்சலை அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளில் வைத்துத் தரும் டவ்காட், குப்பை அஞ்சலை வடிகட்டும் ஆர்ஸ்பேம்டி ஆகிய சோதித்துத் தேறிய கட்டற்ற மென்பொருள்களை ஒன்றாகக் கட்டித் தருகிறது. அதில் அஞ்சலையும் நாட்காட்டியையும் இணையப் பக்கத்தில் காட்டுவது சோகோ. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் இன்வெர்ஸ் என்ற நிறுவனம் வளர்த்த சோகோவை இப்போது பிரான்சின் அலிண்டோ பேணி வருகிறது. கை மாறிய பிறகும் கட்டற்ற உரிமத்தில் அது தொடர்கிறது. மெயில்கவுக்குக் குறைந்தது 6 ஜி.பி. நினைவகம் தேவை என்று அதன் ஆவணம் சொல்கிறது. நாங்கள் 8 ஜி.பி. எடுத்தோம். இதைவிடச் சிறிய சர்வரில் அடக்க வேண்டுமென்றால் ஐரெட்மெயில் என்ற தொகுப்பு இருக்கிறது. அதிலும் சோகோவைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சோகோவில் எனக்கு மிகவும் பிடித்தது நாட்காட்டிப் பகிர்வில் உள்ள நுணுக்கம். ஒரு நிகழ்வைப் பொது, இரகசியம், தனிப்பட்டது என்று மூன்று வகையாகக் குறிக்கலாம். ஒவ்வொரு வகைக்கும் இன்னார் நாளையும் நேரத்தையும் மட்டும் பார்க்கலாம், இன்னார் முழுவதும் பார்க்கலாம், இன்னார் மாற்றலாம் என்று தனித்தனியே அனுமதி கொடுக்கலாம். ஒரு சந்திப்பு கொள்முதல் விலை பேசுவதற்கானது என்பது எடைமேடைக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால், அந்த நேரத்தில் கொள்முதல் அலுவலர் கிடைக்கமாட்டார் என்பது தெரிய வேண்டும். சுவர்க் காலண்டரால் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது.

நெக்ஸ்ட்கிளவுட்டிலிருந்து சோகோவுக்கு நாட்காட்டிகளை மாற்ற ஒரு பிற்பகல்தான் ஆயிற்று. மூன்று கோப்புகளாக இறக்கி, மூன்று கோப்புகளாக ஏற்றினோம். தமிழ் எழுத்து ஒன்றுகூடச் சிதையவில்லை. யார் யாருக்குப் பகிர்ந்திருந்தோம் என்பது மட்டும் கோப்போடு வராது என்பதால் அனுமதிகளை மறுபடி கொடுத்தோம். கட்டணச் சேவையில் இருந்த பழைய அஞ்சல்களை ஐமேப் வழியே இழுத்துக்கொள்ளும் வசதி மெயில்கவுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு இரவுகள் ஓடி அது எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்த்தது.

நம் சர்வர் நின்றுபோனால் அந்நேரம் வரும் கடிதங்கள் தொலைந்துவிடுமே என்ற அச்சம் எங்கள் முதலாளிக்கு இருந்தது. அப்படி ஆகாது. அனுப்பும் சர்வர் கடிதத்தை வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயன்று பார்க்க வேண்டும், குறைந்தது நான்கைந்து நாள்களாவது முயல்வதைக் கைவிடக்கூடாது என்பது அஞ்சல் விதியின் ஏற்பாடு. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே ஐந்து நாள் முயலும். அரை நாள் கோளாறு அரை நாள் தாமதத்தோடு முடியும். உண்மையான ஆபத்து பேக்கப் இல்லாமையில்தான் இருக்கிறது. நாள்தோறும் நள்ளிரவில் எடுக்கும் நகல் வேறொரு ஊரில் உள்ள சேமிப்பகத்துக்குப் போகிறது; மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஓர் அஞ்சல் பெட்டியை மீட்டெடுத்துப் பார்க்கிறோம். மீட்டுப் பார்க்காத நகலை நான் நகல் என்று எண்ணுவதில்லை.

டொமைன் பெயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாங்கள் எந்த மென்பொருளையும் தொடுவதற்கு முன்பு செய்த முதல் வேலை, டொமைன் யார் பெயரில் பதிவாகி இருக்கிறது என்று பார்த்ததுதான். எங்கள் இணையப் பக்கத்தை முன்பு அமைத்துத் தந்தவர் அதைத் தம் சொந்தப் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தார். அதை ஆலையின் பெயருக்கு மாற்றி வாங்க ஐந்து மாதம் அலைந்தோம். சர்வர் கெட்டால் வேறு சர்வர் எடுக்கலாம், மென்பொருள் பிடிக்காவிட்டால் வேறு நிறுவலாம். டொமைன் கைவிட்டுப் போனால் நம் முகவரியே போய்விடும்.

ஆலை ஒன்றின் சர்வரை ஆலை ஒன்றே தாங்க வேண்டியதும் இல்லை. எங்கள் சர்வரில் அருகிலுள்ள இன்னும் இரண்டு ஆலைகளும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் தங்கள் தங்கள் டொமைனோடு இருக்கின்றன. மெயில்கவில் ஒவ்வொரு டொமைனுக்கும் தனி நிர்வாகியை அமர்த்தலாம். வாடகையை நான்காகப் பிரித்துக்கொள்கிறோம். அதைவிட முக்கியமாக, சர்வரைப் பார்த்துக்கொள்ளும் இளைஞருக்கு மாதந்தோறும் ஒரு தொகையை நால்வரும் சேர்ந்து கொடுக்கிறோம். மென்பொருளுக்கு விலை இல்லை. பாதுகாப்புத் திருத்தங்களை உரிய நேரத்தில் போடும் மனிதருக்கு உழைப்பு இருக்கிறது, அதற்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி சர்வர் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஊடுருவல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் நகலும் நம் அஞ்சல் பெட்டிகளில் இருக்கின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-இல் சட்டமே வந்திருக்கிறது. பொறுப்பாள் இல்லாமல் சர்வரை ஓடவிடுவது அந்த விவசாயிகளுக்கு நாம் செய்யும் துரோகம்.

அதனாலேயே, மூன்று நான்கு பேர் மட்டும் உள்ள, பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காத அலுவலகத்தைத் தனி சர்வர் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொந்த டொமைனை ஆண்டுக் கட்டணம் செலுத்தி வாங்கி, ஐமேப்பும் கால்டேவும் தரும் ஏதேனும் ஒரு கட்டணச் சேவையில் வைத்துக்கொள்வதே அவர்களுக்குச் சரி. நம் மாநிலத்தின் ஜோஹோவும் அத்தகைய சேவைதான். அது கட்டற்ற மென்பொருள் அன்று என்பதைத் தெரிந்துகொண்டே சேரலாம். கணினியில் தண்டர்பேர்டைப் பயன்படுத்தி அஞ்சல்களின் ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டால், பின்னாளில் இடம் மாறுவது எளிதாக இருக்கும்.

பெரிய அளவில் இது நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசைக் காட்டலாம். 40,000-க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளையும், பத்துக் கோடிக்கும் அதிகமான அஞ்சல்களையும் நாட்காட்டிக் குறிப்புகளையும், மைக்ரோசாஃப்டிலிருந்து ஓப்பன்-எக்ஸ்சேஞ்ச் என்ற குரூப்வேருக்கும் தண்டர்பேர்டுக்கும் ஏறக்குறைய ஆறு மாதத்தில் மாற்றி, 2025 அக்டோபரில் அந்த வேலையை முடித்தார்கள். நமக்கும் இது புதிதன்று. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறிக் காட்டியது. மாணவர்களுக்கு அரசு வழங்கிய மடிக்கணினிகளில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. மத்திய அரசு 2015-இல் ஓப்பன் சோர்ஸ் (மூல நிரல் திறந்துள்ள) மென்பொருளுக்கென்று கொள்கையே அறிவித்தது. கொள்கை இருக்கிறது, மென்பொருள் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் இல்லாதது, ஒரு சர்வரை நிறுவிப் பேணத் தெரிந்த இருபது முப்பது இளைஞர்கள்தான்.

ஆகவே தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். இரு மாவட்டங்களின் தொழில் மையங்களும், இங்குள்ள பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளும் சேர்ந்து, இறுதியாண்டு மாணவர்களுக்கு இந்த வேலையைச் செய்முறைப் பயிற்சியாகத் தர வேண்டும். டொமைன் பதிவிலிருந்து பேக்கப் மீட்பு வரை ஒரு மாணவர் தம் கையால் ஒருமுறை செய்துவிட்டால், பாலக்கோட்டின் தக்காளி வணிகர்களுக்கோ, தருமபுரியில் பட்டுக்கூடு வாங்கும் நூற்பாளர்களுக்கோ, பிப்ரவரி மாதத்தில் நாள் தவறாமல் ரோஜா அனுப்ப வேண்டிய ஓசூர் மலர் விவசாயிகளுக்கோ அவர் உள்ளூரிலேயே இருந்து உதவ முடியும். பெங்களூருக்குப் பேருந்து ஏற வேண்டிய கட்டாயமும் குறையும்.

நாங்கள் சர்வரை நிறுவியபோது ஒவ்வொரு படியையும், தவறிய இடங்களையும் சேர்த்து, தமிழில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறோம். மே மாதத்தில் பழம் வரத் தொடங்கிவிட்டால் எங்களுக்கு நின்று பேச நேரமிருக்காது. அதற்கு முன்பு எந்த ஆலையோ, உழவர் குழுவோ, கல்லூரியோ கேட்டாலும் அந்தக் குறிப்பேட்டின் நகலைக் கொடுத்து, எங்கள் நாட்காட்டியையும் திறந்து காட்டத் தயாராக இருக்கிறோம். தங்கள் அலுவலகத்தின் வழியாகத் தொடர்புகொண்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மாங்கூழ் ஆலை அலுவலக மேலாளர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.